ஐந்து நட்சத்திரத் தலையணை

பிளக்கைப் பிடுங்கிப் பன்னிரண்டு நாளாகிறது. ஆனாலும் கட்டிலின் காலிப் பக்கத்தில் கிடந்த தலையணை, பசித்த வயிறு போல ஒருமுறை முனகிவிட்டு அடங்கியது.

மிச்சக் காற்றாக இருக்கும் என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டாள் அவள். குறட்டையை நிறுத்தும் தலையணை அது. உள்ளே இரண்டு காற்றுப் பைகள், ஒரு குட்டி மோட்டார், ஒரு மைக். குறட்டை கேட்டால் ஒரு பக்கத்துப் பை உப்பி, படுத்திருப்பவரின் தலையை மறுபக்கம் உருட்டிவிடும். எந்தப் பக்கம் உருட்டவேண்டும் என்று முதல் நாளே கைப்பேசியில் கேட்டது. ஜன்னல் பக்கம் என்று அமுக்கியவள் அவள்தான். கணவரின் மூச்சு அவள் முகத்தில் படக்கூடாதாம். மகாராணி.

அவர் லாரி ஓட்டுநர். இருபத்திரண்டு வருஷமாக, அவர் லோடு ஏற்றிக்கொண்டு போகும் நாள்தான் அவளுக்குத் தூங்கும் நாள். திட்டினால் சிரிப்பார்.

"வண்டி ஓடுற வரைக்கும் சத்தம் வரத்தான் செய்யும். சத்தம் நின்னாதான் இறங்கிப் பாக்கணும்."

தலையணை வந்த முதல் இரவே சத்தம் நின்றது. அவள் இறங்கிப் பார்க்கவில்லை. காலையில், பாவம் அசந்து தூங்குகிறார் என்று பாத்திரம் உருட்டாமல் காபி போட்டுக் குடித்தாள். கையோடு கைப்பேசியை எடுத்துத் தலையணைக்கு ஐந்து நட்சத்திரமும் போட்டாள். 'முதல் நாளே சத்தம் சுத்தமாக நின்றுவிட்டது. எவ்வளவோ வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.' ஒன்பது மணிக்கு எழுப்பப் போனபோது, ஜன்னலைப் பார்த்தபடி விறைத்திருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார் டாக்டர்.

அவள் எழுதியது பயனுள்ளதாக இருந்தது என்று இதுவரை அறுபத்து மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள்.

சாயங்காலம்கூட நாத்தனார் போனில் கத்தினாள்.

"அந்தச் சனியனை இன்னுமா வெச்சிருக்கீங்க அண்ணி? தூக்கிக் குப்பையில போடுங்க."

"அஞ்சு வருஷம் வாரண்டி இருக்குடி."

"எங்க அண்ணனுக்கு இருந்துச்சா?"

நாத்தனார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள்.

"கடைசியா உங்களக் கூப்பிட்டாரா அண்ணி?"

"தூக்கத்துலயே போயிட்டாரு. ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

வந்தவர் எல்லோரிடமும் சொன்ன பதில்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. கூப்பிட்டாரா என்பது அவளுக்கே தெரியாது. அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒரு தூக்கம்.

தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம் ஜன்னல் கம்பிகளைப் படுக்கையின் மேல் நீட்டிப் போட்டிருக்க, சமையலறையில் பிரிட்ஜ் ஒருமுறை உதறிக்கொண்டு நின்றுவிட, அவர் தலையெண்ணெயும் டீசலும் கலந்த வாடை, துவைத்து மடித்துப் புதிதாக மாட்டிய உறையிலிருந்து லேசாகக் கிளம்பி அவள் மூக்குக்கு வந்தது.

மோட்டார் முனகியது.

தலையணையின் நடுவில் ஒரு பள்ளம். தலை வைத்தால் விழுகிற பள்ளம். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இந்தப் பக்கத்துப் பை மெல்ல மெல்ல எழும்பியது. பள்ளம் ஜன்னலை நோக்கி உருண்டது. அவள் அமுக்கி வைத்தபடியே.

குறட்டை கேட்டால்தான் உப்பும். அதற்குக் கேட்கிறது.

அவள் காதைத் தீட்டினாள். ஒன்றுமில்லை. சுவரில் கடிகாரம். அதற்கப்பால் ஒன்றுமில்லை.

"ஏங்க," என்றாள். "நல்லா சத்தமாவே விடுங்க. நான் திட்ட மாட்டேன். தூங்கவும் மாட்டேன்."

பை இறங்கியது.

மோட்டார் நின்றது. கடிகாரமும்.

பிறகு ஜன்னல் பக்கத்துப் பை உப்பியது. அந்தப் பக்கம் உப்பும்படி அவள் வைக்கவே இல்லை. பள்ளம் அசைந்தது. நடுவுக்கு வந்தது. நடுவைத் தாண்டியது.

அவள் பக்கம் திரும்பியது.

முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பள்ளம். அதன் விளிம்பில், வாய் வரும் இடத்தில், உறைத் துணி குழிந்தது. மூச்சோடு உள்ளே இழுபட்டது. ஒரு விரல் ஆழம். வட்டமாக. கூப்பிட வாயெடுத்தது போல.

வெளியே வரவில்லை.

மறுபடி இழுத்தது. இன்னும் ஆழமாக. துணி நனைந்தது.

வெளியே வரவில்லை.

மறுபடி.