மூன்றாவது குற்றப்புள்ளி

ஒத்தியூர்ச் சதுப்புக்குள் நுழையத் தடை விதிக்கப்பட்டவர்களின் பட்டியலில் அந்த வாரம் பதினெட்டு நாய்கள், ஆறு பூனைகள், ஒரு கல்லூரித் தாளாளர் உட்பட இருநூற்றுப் பன்னிரண்டு மனிதர்கள் இருந்தார்கள். தடை விதித்தது கூடுகாவலன்.

கூடுகாவலன் என்பது சதுப்பைச் சுற்றி நட்ட நாற்பது கம்பங்கள். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு சூரியத் தகடு, ஒரு கண், ஒரு சிலிர்ப்பொலிப்பான். உள்ளே வரும் எந்த உயிரையும் அதன் நடையை வைத்து அடையாளம் காணும். அது தடைப்பட்டியலில் இருந்தால், அதற்குப் பொறுக்கவே முடியாத ஒலி எது என்று தேடிப் பிடித்து, அதன்மேல் மட்டும் குறிபார்த்து வீசும். காதைப் பொத்தினால் பல்லில் கேட்கும்.

கண்டுபிடித்தவர்கள் சதுப்பை ஒட்டியிருந்த கல்லூரியின் மூன்றாமாண்டு மாணவி மெர்லினும் அவள் வகுப்புத் தோழன் தமீமும். காரணம், ஆள்காட்டிக் குருவி. அது வெறுந்தரையில் முட்டையிடும் பறவை. எதிரி வந்தால் கத்தி ஊரைக் கூட்டும், அடிபட்டது போல் நடித்து வேறு பக்கம் இழுத்துப்போகும். பசித்த மிருகத்தை ஏமாற்ற அதற்குத் தெரியும். விடுதி மெஸ்ஸில் மிஞ்சிய சாம்பார் சாதத்தை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் பொழுதுபோகாமல் வரும் நாயை என்ன செய்வது என்று அதன் பரம்பரையில் யாரும் யோசித்திருக்கவில்லை.

முதலில், விரட்ட வேண்டிய அந்நிய விலங்குகளின் பட்டியல் ஒன்றைத் தயாரிக்கக் குழு அமைத்தார்கள். நாய் அந்நியமா, உள்ளூரா என்பதிலேயே மூன்று மாதம் போயிற்று. இரண்டு பேராசிரியர்கள் பேசிக்கொள்வதை நிறுத்திக்கொண்டார்கள். கடைசியில் மெர்லின் பட்டியலைத் தூக்கிப்போட்டுவிட்டு இயந்திரத்துக்கு ஒரே கேள்வியைக் கொடுத்தாள்: யார் வந்ததால் முட்டை குறைந்தது?

கல்லூரி வருவதற்கு முன் இங்கே பத்துக்கு ஒரு முட்டை போவது வழக்கம் என்று ஒரு பறவை ஆர்வலரின் பழைய குறிப்பேடுகள் சொல்லின. அந்த ஒன்று கீரியின் பங்கு. அதற்கு மேல் போனால், காரணமானவர் பெயரில் குற்றப்புள்ளி விழும். மூன்று விழுந்தால் அவர் வெளியே. உள்ளே வந்துபோன ஓர் இனத்தில் எல்லோருமே மூன்று வாங்கிவிட்டால் அந்த இனமே வெளியே. ஒரே ஒருவர் யோக்கியமாக இருந்தாலும் புதிதாக வருபவர்களுக்குக் கதவு திறந்திருக்கும். இந்தக் கடைசி விதியை மெர்லின் மனிதர்களை மனத்தில் வைத்து எழுதினாள். குறிப்பாகத் தன்னை.

தொடக்க விழாவில் தாளாளர் வேதாசலம் பொத்தானைத் தன் கையால் அழுத்த விரும்பினார். அறைக்குள் அழுத்தினால் போட்டோவில் சதுப்பு விழாது. ஆகவே சதுப்பின் நடுவில் சரளை கொட்டி மேடை கட்டி, அவர் பெயர் பொறித்த கல்வெட்டில் பொத்தானைப் பதித்தார்கள். வேறு எங்கும் பொத்தான் இல்லை. அவர் அழுத்தினார். இயந்திரம் விழித்தது. அடுத்த நிமிடம் செண்டை மேளம் முழங்க, ஆயிரம்வாலா பட்டாசு வெடிக்க, மிரண்ட பறவைகள் முட்டைகளை விட்டுப் பறக்க, தமீம் உட்பட வந்திருந்த இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மாலைக்குள் ஆளுக்கு மூன்று புள்ளி வாங்கிவிட்டார்கள். மெர்லின் மட்டும் அன்று கணினி அறையில் இருந்தாள்.

ஒரே பருவத்தில் நாற்பது குஞ்சுகள் பிழைத்தன. கல்லூரிக்கு விருது வந்தது. விருதைக் கொண்டாட ஆறு மாடியில் ஒரு சூழலியல் ஆய்வு மையம் கட்டுவதென்று தாளாளர் முடிவு செய்தார். இடமும் அவரே தேர்ந்தெடுத்தார்: சதுப்பில் மிச்சமிருந்த ஒன்பது ஏக்கர்.

புதன்கிழமை மெர்லினைக் கூப்பிட்டார்.

"வெள்ளிக்கிழமை பூமி பூஜைம்மா. ஒன்பதரைலேர்ந்து பத்தரை. அதுக்கப்புறம் ராகு காலம். நீ உள்ள போய் அந்தப் பொத்தானை அணைச்சுடு."

"அணைக்க மாட்டேன் சார்."

"இது சூழலியல் மையம்மா. குருவிங்களுக்காகத்தான் கட்டுறோம்."

"குருவிங்க மேலதான சார் கட்டுறீங்க."

தாளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உன் ப்ராஜெக்ட் மார்க்கு என் மேசைக்குத்தான் வரும். தெரியும்ல?"

"தெரியும் சார். உங்க இஷ்டம்."

"நீ இல்லன்னா ஆளா இல்ல? அந்தப் பக்கமே வராத ரெண்டு கொத்தனாரைக் கூட்டிட்டு வந்தா வேலை முடிஞ்சுது. ஆனா நல்ல நேரத்துக்கு முன்னாடி வேலையாளு கால்கூட உள்ள படக் கூடாதுன்னு ஐயர் சொல்லிட்டாரு. உனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம்."

மெர்லின் கணினி அறைக்கு வந்தாள். தமீம் திரையைப் பார்த்துக்கொண்டு விசித்திரமாக உட்கார்ந்திருந்தான்.

"கோவப்படாத. உம்பேர்ல ரெண்டு புள்ளி இருக்கு."

"எம்பேர்லயா? நான் ஒரு முட்டையைத் தொட்டதில்லடா."

"தொடல. எண்ணுன."

இயந்திரத்தின் விளக்கம் இரண்டே வரி. கீரி தனியாக வந்தால் பத்துக்கு ஒன்று. மெர்லின் போன வழியில் வந்தால் பத்துக்கு மூன்று. வித்தியாசம், மெர்லின். தினமும் காலை ஆறரைக்கு அவள் கூடு கூடாகப் போய்க் குனிந்து எண்ண, கோரைப்புல்லில் அவள் காலடி அழகான பாதையாக மடிந்துகிடந்தது. ஒவ்வொரு பாதையும் ஒரு கூட்டில் முடிந்தது.

"கீரிக்கு நீ வழிகாட்டிப் பலகை மாதிரி," என்றான் தமீம். "சம்பளம் வாங்காத வழிகாட்டி."

மெர்லின் கணக்கைத் திரும்ப ஓட்டினாள். முதலில் அது பொய் சொல்கிறது என்று நிரூபிக்க முயன்றாள். முடியவில்லை. அதை எழுதியது அவள்தான்; நன்றாகவே எழுதியிருந்தாள்.

"மூணாவது விழுந்தா என்னாகும்?" என்றாள்.

"நீ வெளிய." தமீம் நிறுத்தினான். அவனுக்கும் புரிந்தது. "உள்ள போன மனுஷங்கள்ல உன்னைத் தவிர எல்லாருக்கும் மூணு. நீயும் வாங்கிட்டா..."

"கொத்தனாருக்கும் கதவு மூடிடும்."

"லூசாடி நீ. அப்புறம் ஜென்மத்துக்கும் நீ உள்ள போக முடியாது. பொத்தானே உள்ளதான் இருக்கு. அதுவுமில்லாம, மூணாவது விழணும்னா ஒரு கூடு போகணும்."

"தெரியும்."

"எந்தக் கூடு?"

அவள் கூடுகளின் வரைபடத்தைத் திறந்தாள்.

வியாழன் காலை ஆறரைக்கு அவள் வழக்கம்போல் சதுப்பில் இறங்கினாள். அத்தனை கூடுகளையும் விட்டுவிட்டுப் பதினோராம் கூட்டுக்கு மட்டும் நேராக நடந்தாள். நான்கு முட்டை. தாய்ப்பறவை தலைக்கு மேல் சுற்றிக் கத்தியது. நோட்டில் நான்கு என்று குறித்தாள். வந்த வழியே திரும்பினாள். பின்னால் புல் அசையும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை.

மாலை நாலு மணிக்குப் பதினோராம் கூடு காலி. நாலு மணி மூன்று நிமிடத்துக்கு மனித இனம் பட்டியலில் ஏறியது, பூனைக்குக் கீழே.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு ஷாமியானா, மாவிலை, இரண்டு புதுக் கொத்தனார்கள் எல்லாம் தயார். முதல் கொத்தனார் ஆறடி வைத்தார். தாடையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்து, கூலி வேண்டாம் என்றார். இரண்டாமவர் அவரைப் பார்த்துவிட்டு இறங்கவே இல்லை. ஐயர் தாம்பாளத்தோடு மூன்றடி போனார். பொக்லைன் ஓட்டுநர் என்ஜினை அணைக்காமலே வண்டியிலிருந்து குதித்து வந்துவிட்டார். டிரோன் ஒன்றை அனுப்பினார்கள். அதைக் கூடுகாவலன் கண்டுகொள்ளவில்லை. பருந்து என்று நினைத்து ஏழெட்டு ஆள்காட்டிகள் சேர்ந்து துரத்த, அது தண்ணீரில் விழுந்தது.

பத்து மணிக்குத் தாளாளரே வேட்டியை மடித்துக் கட்டினார். கூடுகாவலன் முதலில் அவருடைய தொடக்க விழா உரையையே அவர்மேல் ஒலிபரப்பியது. அவர் நின்று, கேட்டு, தலையாட்டி, உற்சாகமாக இன்னும் பத்தடி முன்னேறினார். தவற்றை உணர்ந்து இயந்திரம் ஒலியை மாற்றியது. அவர் கன்னத்தைப் பிடித்தபடி கரைக்கு வந்து பிளாஸ்டிக் நாற்காலியில் சரிந்தார்.

"போய் அணைம்மா," என்றார். "மார்க்கு போடுறேன். தங்க மெடலே தர்றேன்."

"அணைக்க மாட்டேன்னு புதன்கிழமையே சொன்னேன் சார். இப்ப முடியவும் முடியாது."

"உன்னை ஏன் அது தடுக்குது? நீதான அதுங்களுக்கு எல்லாம் பண்ண?"

"அதனாலதான் சார்."

அவர் நம்பவில்லை. ஆகவே அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அவர் கண்ணெதிரே ஓரடி உள்ளே வைத்தாள். அவளுக்காக இயந்திரம் பல்லைக் கூசவைக்கும் ஒலி எதையும் தேடவில்லை. நேற்றுக் காலை தலைக்கு மேல் கத்திய பறவையின் குரலை எடுத்து வீசியது. அங்கிருந்தவர்களில் அதன் அர்த்தம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். திரும்பிவிட்டாள்.

மணி பத்தரை ஆயிற்று. ராகு காலம் தொடங்கியது. மாவிலைகளை அவிழ்த்தார்கள்.

மெர்லினின் ப்ராஜெக்ட் மதிப்பெண் இன்றுவரை வரவில்லை. அவள் தினமும் ஆறரைக்குக் கரையில் நின்று தொலைநோக்கியில் பார்க்கிறாள். மேடைச் சரளையில், தாளாளர் பெயருக்கு நேர் கீழே, பொத்தானை ஒட்டி ஓர் ஆள்காட்டி அடை உட்கார்ந்திருக்கிறது.

"எத்தனை?" என்று தமீம் தினமும் கேட்கிறான்.

"மூணு. இல்ல நாலு. சரியா எண்ணணும்னா கிட்டப் போகணும்."

நோட்டில் அந்தக் கட்டத்தை அவள் வெறுமையாக விட்டிருக்கிறாள்.