ஒன்பதாவது கணக்கு

அறையில் அந்தப் பெண் தனியாகத்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல, "ரெண்டு பேருங்க" என்றாள்.

மதிவதனி அந்த வீடியோவைப் பின்னால் நகர்த்தி மறுபடி பார்த்தாள். ஹரிதா என்று பெயர் போட்டிருந்தது. கல்லூரிப் பெண்ணாக இருக்கலாம். அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணி. ஆர்.எஸ்.புரத்து மாடி வீட்டுக்குள் பக்கத்து வீட்டுக் கறிக்குழம்பு வாசமும், கீழே தெருமுனையில் ஆட்டோக்கள் திரும்பும் இரைச்சலும், ஒரு பக்கமாக உரசிக்கொண்டே சுற்றும் ஃபேனின் கிறீச்சொலியும் கலந்து கிடந்தன. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்பு, பெரியநாயக்கன்பாளையத்தில் ஒரு சின்னக் கம்பெனி குழந்தைகளுக்காகப் போட்ட கணக்கு விளையாட்டு சி.டி.க்கு அப்போது டீச்சராக இருந்த மதிவதனிதான் குரல் கொடுத்தாள். பச்சைச் சேலையும் மூக்குக் கண்ணாடியுமாக, திரையில் கட்டம் கட்டமாகத் தெரியும் பொம்மை, 'கணக்கு அக்கா'. விடையைச் சரியாக அழுத்தினால் தவில் முழங்கும், தப்பாக அழுத்தினால் ஆடு கத்தும். யாரோ அதைத் தேடியெடுத்து இணையத்தில் ஏற்றிவிட, ஒரு மாதமாக ஊரே விளையாடிச் சிரித்தது. சிரிப்பதை வீடியோ எடுத்தும் போட்டது.

"இந்தக் குரலக் கேட்டா கழுதைக்கே காய்ச்சல் வந்துரும்" என்று ஒருவன் எழுதியிருந்தான். "மொதல்ல ஏழும் எட்டும் எத்தனைன்னு ஒழுங்காச் சொல்லுங்க தம்பி" என்று மதிவதனி கீழேயே பதில் போட்டாள்.

கூசவில்லை. கை ஓங்கிய கணவனை விட்டு வந்தவள். "ஒத்தைல எப்படி அம்மணி இருப்பே?" என்று அண்ணன் கேட்டபோது, "நான் ஒருத்தி எனக்குப் போதும்" என்று இந்த வீட்டுச் சாவியை வாங்கியவள். முகம் தெரியாதவர்களின் சிரிப்புக்கா பயப்படுவாள்?

ஆனால் இது சிரிப்பு இல்லை.

அடுத்த வீடியோவில் மூன்று பையன்கள். எட்டாவது கணக்கு வரைக்கும் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். பிறகு விளையாட்டிலிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை. மூவரும் வாயை மூடிக்கொண்டு மெல்ல அறையைச் சுற்றிப் பார்த்தார்கள். "நாலு" என்றார்கள், ஒரே குரலில். ஒருவன் நாலை அழுத்தினான். தவில் முழங்கியது. விட்ட இடத்திலிருந்து சிரிப்பைத் தொடர்ந்தார்கள். இன்னொன்றில் ஒரு அம்மாவும் குழந்தையும். "மூணு." குழந்தை காலி நாற்காலியைப் பார்த்துக் கையசைத்தது. மதிவதனி இருபது வீடியோ பார்த்தாள். எல்லாரும் அறையில் இருப்பவர்களைவிட ஒன்று கூட்டித்தான் சொன்னார்கள்.

அந்த விளையாட்டுக்கு நிரல் எழுதிய அரங்கசாமிக்கு ஃபோன் போட்டாள்.

"ஏனுங்க, அந்த ஒன்பதாவது கணக்கு என்னதுங்க?"

"ஒன்பதா? எட்டோட முடிச்சுபோட்டமேங்க டீச்சர். உங்களுக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு ஊட்டுக்குப் போயிட்டீங்களே."

"அப்ப அதுக்கு மேல கேக்கறது யாருங்க?"

அரங்கசாமி குரலைத் தாழ்த்தினார்.

"அதத் தொடாதீங்க டீச்சர். என்ற மக விளையாண்டாளுங்க. அன்னைலேருந்து சாப்பாட்டுக்கு ஒரு தட்டு சேத்தி வெக்கறா. யாருக்குன்னு கேட்டா அழுகறா."

மதிவதனி ஃபோனை வைத்தாள். பயம்தான். ஆனால் பயத்துக்கும் மேலே கோபம் வந்தது. என் கணக்குக்குள் எவள் புகுந்து கேட்கிறாள்? என்னிடம் பேசட்டும் பார்ப்போம். மடிக்கணினியை இழுத்துப் போட்டுக்கொண்டு விளையாட்டைத் திறந்தாள். எட்டுக் கணக்கும் எட்டு நொடியில் முடிந்தன.

பிறகு கேட்டது. வீடியோவில் கேட்காத குரல். அவளுடைய குரலேதான், தொண்டை கட்டாமல், இளமையாக.

"இப்ப உங்க ஊட்ல எத்தன பேர் இருக்கீங்க, கண்ணு?"

ஃபேனின் கிறீச்சொலி நின்றது. ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. தெருவில் ஒரு ஹாரன்கூட இல்லை. கழுத்து தானாகப் பின்னால் திரும்பப் பார்த்தது. மதிவதனி இடது கையால் தாடையைப் பிடித்து முகத்தைத் திரைக்கு நேராக நிறுத்தினாள். வலது கையால் ஒன்று என்ற எண்ணை அழுத்தினாள்.

ஆடு கத்தியது.

"தப்புங்க கண்ணு. நல்லாப் பாத்து எண்ணுங்க."

சாக்பீஸ் வாசம். ஈரத் துணி வாசம். பிடரியில் யாரோ மூச்சு விட்டார்கள்.

"இது என்ற ஊடு" என்றாள் சத்தமாக. "இங்க நான் ஒருத்திதான்."

ஒன்று.

ஆடு கத்தியது. கணினியிலிருந்து இல்லை. சமையலறையிலிருந்து.

பல்லைக் கடித்தாள். ஒன்று.

இந்த முறை ஆடு கத்தவில்லை. திரையில் கணக்கு அக்காவைக் காணவில்லை. அவள் நின்ற இடம் காலியாக இருந்தது.

"பரவால்லீங்க கண்ணு. நானே எண்ணிக் காட்டறேன்."

குளிர்ந்த விரல் ஒன்று மதிவதனியின் உச்சந்தலையைத் தொட்டது.

"ஒண்ணு."

"அவ்வளவுதான்!" என்று கத்தினாள். "அதோட முடிஞ்சுது!"

விரல் விலகியது. வலப்பக்கம், அவள் முழங்கை உயரத்தில், முடியை விரல் தொடும் மெல்லிய சத்தம்.

"ரெண்டு."

கட்டிலருகே. "மூணு."

கதவோரம். "நாலு."

மதிவதனி திரும்பவில்லை. கண் எரிந்தது, நீர் வழிந்தது, துடைக்கவில்லை. ஒன்றை அழுத்தினாள். மறுபடியும் ஒன்று. மறுபடியும். குரல் அவசரமே இல்லாமல் கூடத்தைக் கடந்தது. சமையலறைக்குள் போய் வந்தது. வாசலைத் தாண்டி மாடிப்படியில் இறங்கியது. ஒவ்வொரு படியிலும் நின்றது. ஒவ்வொரு படியிலும் ஒரு தலை.

"முப்பத்தேழு" என்றது. "முப்பத்தெட்டு."