செப்பு ஆணி

என் மனைவி இர்யா இறந்து சரியாக ஓராண்டு கழித்து, நவம்பர் காலை பத்தரைக்கு காந்த ஆய்வு நிலையத்துக்குத் திரும்பினேன். வடதுருவத்தை ஒட்டிய ஊர்; ஏரிப்பக்கம் சூரியன் இன்னும் எழவில்லை.

கூட வேலை செய்யும் ரைமோ காபி ஊற்றினான்.

"தபானி, ஒண்ணு காட்டணும். சிரிக்காத."

"நான் சிரிச்சு ஒரு வருஷம் ஆச்சு."

பைன் மரங்களுக்கிடையே நிற்கும் எங்கள் அளவுக் குடிசையில் ஓர் இரும்பாணிகூடக் கிடையாது. சூரியப் புயல் அடித்தால் பூமியின் காந்தம் நடுங்கும். உள்ளே இருக்கும் கருவி அதை உணர, அலுவலகத் திரையில் கோடு நடுங்கும். இரும்பு பக்கத்தில் வந்தாலும் நடுங்கும். பெல்ட், சாவி, கத்தி எல்லாவற்றையும் பாதை முனையிலுள்ள கம்பத்தில், செப்பு ஆணியில் மாட்டிவிட்டுத்தான் குடிசைக்குப் போவோம்.

இர்யாவால் மாட்ட முடியாது. பனிச்சறுக்கில் உடைந்த தொடைக்குள் எஃகுக் கம்பி வைத்திருந்தார்கள். தினமும் பதினொரு மணிக்கு அவள் காபிக் குடுவையோடு குடிசையைத் தாண்டி அலுவலகத்துக்கு வருவாள். கோட்டில் சின்ன மேடு எழும்பும்.

"உன் பொண்டாட்டி வர்றா, கப்பை எடு" என்பான் ரைமோ.

பெரிய புயல் நாளொன்றில் கத்தினேன். "உன் கால் என் வேலையையே கெடுக்குது. குடிசைப் பக்கம் வராத."

மறுநாள் அவள் குடிசை வழியே ஏரியைச் சுற்றி வரவில்லை, ஏரியின் குறுக்கே வந்தாள். நவம்பர்ப் பனிக்கட்டி குடுவையை மட்டும் தாங்கியது. நான் எடுத்தபோது காபி சூடாக இருந்தது.

ரைமோ திரையைத் தொட்டான். பதினொரு மணி. சின்ன மேடு. மூன்று வாரமாக, தினமும்.

"பனியில தடமே இல்லப்பா. அழிச்சுடு. மாச அறிக்கை போகணும்."

"அவளை ஒரு தடவை போகச் சொன்னது போதும்."

பெல்ட்டையும் சாவியையும் செப்பு ஆணியில் மாட்டிவிட்டுக் குடிசைக்குள் உட்கார்ந்தேன். கதவைத் திறந்தே வைத்தேன்.

பதினொரு மணி.

அலுவலக ஜன்னலிலிருந்து ரைமோ கத்தினான். "ஏறுது!"

ஏரித் தண்ணீரின் வாடை.

"இன்னும் ஏறுது! வாசல்லயே நிக்குதுடா!"

வாசலில் யாருமில்லை. படியில் மட்டும் ஏதோ சொட்டியது.

"இர்யா, உள்ள வா" என்றேன். "வேலை கெட்டா கெடட்டும்."

ரைமோ மறுபடி கத்தினான்.

"இறங்குது. திரும்பிப் போகுது. போயிடுச்சு. கோடு நேரா இருக்கு!"

மறுபடியும் துரத்திவிட்டேன். எழுந்து பாதை முனைக்கு ஓடினேன்.

செப்பு ஆணியில், என் பெல்ட்டுக்கு மேல், ஒன்றரைச் சாண் எஃகுக் கம்பி தொங்கியது. நான்கு திருகுகளோடு. அவளோடு புதைத்த கம்பி. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கோடு அசையவே இல்ல, தபானி" என்று ரைமோ கத்தினான். "உள்ள இருந்து கதவைச் சாத்திட்டியா?"

நான் கம்பத்தருகே நின்றிருந்தேன்.

சாத்திய குடிசையிலிருந்து காபி வாசனை வந்தது.