நாற்பத்தோராவது வரி

மூன்றாவது முறையாகப் போட்ட அடைப்புக்குறியும் காணாமல் போயிருந்தது.

நாற்பத்தோராவது வரியில் பிழை என்று லேப்டாப் மறுபடியும் சிவப்பாகக் காட்டியது. ஆறு மணிக்குள் பயிற்சியை அனுப்பாவிட்டால் கணினி வகுப்பில் இடம் போய்விடும். பத்தாவதோடு பள்ளியை விட்டு நின்றவளுக்கு இன்னொரு வாய்ப்பு யார் தருவார்கள்? அந்தப் பயத்தில்தான், போன வருஷம் இறந்துபோன அண்ணனின் பழைய கோப்பைத் திறந்து அப்படியே எடுத்துக்கொண்டாள். அந்த நிரலில் வீடு என்று ஒரு கிளாஸ், ஒரு பெட்டி மாதிரி. அதற்குள் அம்மா, அண்ணன், தங்கை என மூன்று ஆப்ஜெக்ட்டுகள். ஓடவிட்டால் யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லும். கடைசி வரியான நாற்பத்தோராவதில் மட்டும் ஓர் அடைப்புக்குறி குறைந்தது. பக்கத்தில் அண்ணனின் குறிப்பு: 'தெரிந்தேதான் விட்டிருக்கிறேன். இது ஓடக் கூடாது.'

எதற்கெடுத்தாலும் அவனுக்கு விளையாட்டு.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. நனைந்த ஜன்னல் கம்பியின் இரும்பு வாடையோடு, அண்ணன் கடைசி மாதங்களில் குடித்த இருமல் மருந்தின் இனிப்பு வாடையும் எங்கிருந்தோ மெல்லக் கலந்து வந்து மேசையைச் சுற்றி நின்றது.

"இன்னும் முடியலையாடி?" சமையலறையிலிருந்து அம்மா.

"ஒரே ஒரு குறிம்மா. போட்டா நிக்க மாட்டேங்குது."

"அவன் இருந்தா கண்ணை மூடிக்கிட்டுத் தட்டியிருப்பான். நீ கோழி கொத்துற மாதிரி ஒத்த விரலால கொத்திக்கிட்டு இரு."

குறிப்புதான் தொல்லையோ என்று அதை அழித்தாள். குறியைப் போட்டாள். நின்றது. ஓடவிட்டாள்.

அம்மா: சமையலறை.
அண்ணன்: வாசல்.
தங்கை: நாற்காலி.

பழைய கணக்கு என்று நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் நடு வரி தானாக மாறியது.

அண்ணன்: கூடம்.

கூடத்தில் யாரோ இருமினார்கள். நிறுத்தும் விசையை அழுத்தினாள். நிற்கவில்லை. குறியை அழிக்கப் பார்த்தாள். அழியவில்லை. மருந்து வாடை. பிடரியில் மூச்சு.

அண்ணன்: நாற்காலி.
தங்கை: இல்லை.

அம்மா டீயோடு வந்தாள். நாற்காலியை நேராகப் பார்த்தாள். முகத்தில் வியப்பே இல்லை.

"ஆறிடப் போகுது, குடிடா. எங்க உன் தங்கச்சி?"

நான்தாம்மா என்று சொல்ல வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது.

பயிற்சியை அனுப்பத் திரை பெயர் கேட்டது. விசைகளைப் பார்க்காமலே, பத்து விரல்களும் சரசரவென்று ஓடி அண்ணனின் பெயரை எழுதின.