எண்பது லிட்டர்

மதியம் மூன்று மணிக்கு விமானக் கொட்டகைக்குள் நுழைந்தேன். தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. மூலையில், தார்ப்பாய்க்குக் கீழே, ஆறு மாதத்துக்கு முன் விழுந்த விமானம் கிடந்தது. ஓடுபாதைக்கு நான்கு கிலோமீட்டர் இருக்கையில் பெட்ரோல் தீர்ந்து எஞ்சின் நின்றுவிட்டது. விமானி அங்கேயே இறந்துபோனார். தீப்பிடிக்கவில்லை. எரிய ஒரு சொட்டு இல்லை.

சின்ன விமானங்களில் பெட்ரோல் முள்ளை யாரும் நம்புவதில்லை. இறக்கைமேல் ஏறி, மூடியைத் திறந்து, அளவுக்குச்சியை விட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு விமானத்துக்கும் தனிக் குச்சி. இறந்துபோன விமானி, எப்போதோ விற்றுவிட்ட பெரிய விமானத்தின் குச்சியால் அளந்திருந்தார். குச்சியில் எண்பது. டேங்கில் முப்பது.

"அந்தச் சனியனை நானே முறிச்சு அடுப்புல போட்டேன்மா," என்பார் மெக்கானிக் அண்ணன்.

அன்று என் அக்கா மலையைத் தாண்டிப் பறக்க வேண்டும். தனியாக, இரண்டு மணி நேரம்.

"என்னடி விஞ்ஞானி, அளந்தாச்சா? இல்ல ஆராய்ச்சி இன்னும் முடியலையா?"

பெஞ்சில் கிடந்த குச்சியை எடுத்து அவள் விமானத்தின் டேங்கில் அவசரமாக விட்டேன்.

"எண்பது லிட்டர்க்கா."

"தாராளம்," என்று ஏறிப் பறந்துபோனாள்.

அண்ணன் உதிரிபாகம் வாங்கப் போய்விட்டார். நான் ஸ்பானர்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். எப்போது என்று தெரியவில்லை, கூரையின் சத்தம் நின்றிருந்தது.

பெட்ரோல் வாசனை வந்தது. தார்ப்பாய்க்குக் கீழேயிருந்து.

டொக்.

காலி டேங்கின் அடியில் மரம் தட்டும் சத்தம்.

டொக். டொக்.

தார்ப்பாயை இழுத்தேன். டேங்க் மூடி திறந்திருந்தது. உள்ளே வெறும் தூசி.

திரும்பியபோது பெஞ்சில் நான் வைத்த குச்சி கண்ணில் பட்டது. நுனி கருகியிருந்தது. நடுவில் முறிந்த தழும்பு. கோடுகள் இருநூறு வரை ஏறின.

எங்கள் டேங்க் நூறுதான் கொள்ளும். அதன் குச்சி சுவரில், ஆணியில் தொங்கியது.

எந்தக் குச்சி என்று பார்க்காமல், ஈரம் ஏறிய கோட்டை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

இந்தக் குச்சியில் எண்பது என்றால் டேங்கில் முப்பது. முப்பது லிட்டர் ஒரு மணி நேரம் தாங்கும். அக்கா கிளம்பி ஐம்பத்தெட்டு நிமிடம்.

ரேடியோவைப் பிடித்தேன்.

"அக்கா, எங்கயாவது இறக்கிடு! நான் தப்பா அளந்துட்டேன். பெட்ரோல் இல்லக்கா!"

இரைச்சல். பிறகு அவள் குரல், யாரையோ எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல மெதுவாக.

"தெரியும்டி. இவர் சொல்லிட்டார்."

"யாருக்கா? பக்கத்துல யாரு?"

"அழாதடி. இவருக்கு வழி தெரியுமாம்."

அவள் குரலுக்குப் பின்னால் எஞ்சின் சத்தமே இல்லை.