முதல் பிடிச் சோறு

ஆடி அமாவாசை கழிந்த நாலாம் நாள், மொட்டை மாடிச் சுவரில் காக்கைக்கு வைத்த சோறு மத்தியானம் வரை அப்படியே கிடந்தது. தலைநகரத்துச் சரோஜினி நகர் காக்கைகளுக்கு அத்தனை ரோஷம் கிடையாது. அருக்காணி கூப்பிட வாயெடுக்கும் முன்பே கையிலிருந்து பிடுங்குகிற கூட்டம் அது. இன்று ஒன்றைக்கூடக் காணோம். மழை விட்ட புழுக்கத்தில் சாக்கடை நாற்றமும் ஈரச் சுவரின் வாடையும் கலந்து வீச, அதற்கும் அடியில், சோற்றிலிருந்தே பூசணம் பிடித்த மாதிரி ஒரு நெடி எழுந்துகொண்டிருந்தது.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஏதோ சரசரத்தது. எட்டிப் பார்த்தாள். ஒரு காக்கை மல்லாந்து கிடந்து, கழுத்தை முதுகுப் பக்கம் வளைத்து, அலகைத் திறந்து, சத்தமே இல்லாமல் இழுத்துக்கொண்டிருந்தது. அதற்கப்பால் இன்னும் மூன்று, ஏற்கெனவே விறைத்துப்போய்.

அம்மாவுக்குக் கோபம் தீரவில்லை. அருக்காணிக்கு அப்படித்தான் தோன்றியது. பங்குனியில் தந்தி வந்து, ரயிலேறி, இரண்டு ராத்திரி உட்கார்ந்தபடியே ஈரோடு போய்ச் சேர்ந்தபோது அம்மா சாம்பலாகியிருந்தாள். பெற்றவள் முகத்தைக் கடைசியாகப் பார்க்கக் கொடுத்துவைக்காத பாவி வைக்கிற சோறு எப்படி இறங்கும்?

பக்கத்து மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த வத்சலா, "என்ன அருக்காணி, உங்க சாதம் தின்ன காக்காதான் விழறது. எங்காத்து மாடியில தின்னதெல்லாம் ஜோரா பறந்து போறதே?" என்றாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அருக்காணி அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டாள். அப்படியென்றால் சந்தேகமே இல்லை, கோபம் தன்மேல் மட்டும்தான்.

மறுநாளிலிருந்து படையலைக் கூட்டினாள். தலைக்குக் குளித்து, அமாவாசைக்கென்று பிரித்த புது மூட்டை அரிசியை வடித்து, நெய் விட்டுப் பிசைந்து வைத்துக் காத்திருந்தாள். எதுவும் வரவில்லை. படையலை வீணாக்கக் கூடாதே என்று சாயங்காலம் அதை ஆறு வயது மகள் தேன்மொழிக்கு ஊட்டி, மிச்சத்தைத் தானும் தின்றாள்.

"அச்சா இல்லம்மா. கசக்குது."

"அப்பிடிச் சொல்லாத கண்ணு. எங்கம்மா, உன்ற அம்மாயி, கோவிச்சுக்கும். ஒரு வாய் வாங்கிக்க."

அரிசி கழுவிய தண்ணீரைத் தினமும் குடித்துப் போகும் தெருப் பசு ஒரு காலையில் வாசலில் விழுந்தது. வாயில் நுரை. கால்கள் தரையைக் கீறிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் பொழுது சாயும் வரை வீட்டுக்குள் கேட்டது. பிறகு நின்றது. மந்திர் மார்க் பள்ளிக்கூடத்து நோட்டில் தேன்மொழியின் எழுத்து கோணிக்கொண்டு போனது. டம்ளரைத் தூக்கினால் தண்ணீர் பாவாடையில் கொட்டியது.

அருக்காணி அம்மாவின் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதாள். "என்னைய எடுத்துக்கம்மா. புள்ளைய விட்ரும்மா."

அன்று சாயங்காலம் அவள் கணவர் ரத்தினவேல் ஆபீசிலிருந்து ஒரு பொட்டலத்தோடு வந்தார்.

"ஏனுங்க, அது என்னதுங்க?"

"பூச்சி மருந்துதான். மலேரியாவுக்கு மருந்தடிக்கற பையாகிட்ட வாங்குனேன். ஐ.என்.ஏ. மார்க்கெட்டுல புது மூட்டை வாங்குனப்பவே நாலு கை போட்டுக் கலக்கி வச்சனே, ஒரு வண்டாச்சும் கண்ணுல பட்டுச்சா? அடுத்த மூட்டைக்கும் ஆகட்டும்னு வாங்கியாந்தேன்."

பெருமையாகத்தான் சொன்னார். பொட்டலத்தைப் பிரித்துக் காட்டினார். அதே நெடி.

வண்டு இல்லை. காக்கை இல்லை. பசு இல்லை.

உள்ளே ஏதோ தொப்பென்று விழுந்தது.

தேன்மொழி தரையில் கிடந்தாள். கண் மேலே செருகியிருந்தது. உடம்பு வில்லாக வளைந்து வெட்டி வெட்டி இழுத்தது.

ரத்தினவேல் ஸ்கூட்டர் ரிக்ஷா பிடிக்கப் படியிறங்கி ஓடினார். அருக்காணி மகளை மடியில் போட்டுக்கொண்டாள். அம்மாவுக்கு யார்மேலும் கோபமில்லை. ஊட்டியது இவள்தான். வேண்டாம் என்ற பிள்ளைக்கு, கெஞ்சிக் கெஞ்சி, இந்தக் கையால். அந்தக் கையாலேயே மகளின் கையை இறுகப் பிடித்தாள். நடுங்கியது. விடவில்லை. மெல்ல மெல்லப் பிள்ளையின் உடம்பு தளர்ந்தது. தலை சாய்ந்தது.

கை மட்டும் நடுங்கிக்கொண்டேயிருந்தது.

குனிந்து பார்த்தாள். பிள்ளையின் கை அசையாமல் கிடந்தது. நடுங்கியது அவளுடைய கை, மிச்சத்தைத் தின்ற கை.