இடது பக்கம் மட்டும் ஒழுகும் வண்டி

வாரத்துக்கு ஏழு நாள் என்று பள்ளிக்கூடத்தில் சொல்கிறார்கள். எனக்கு ஒன்றரை நாள்தான். சனிக்கிழமை சாயங்காலம் அப்பா வருவார். திங்கட்கிழமை விடியும் முன்னால் கிளம்பிவிடுவார். மீதி நாளெல்லாம் எனக்குக் கணக்கிலேயே இல்லை.

அப்பாவுக்குத் தூத்துக்குடியில் ஒரு கம்பெனியில் வேலை. அம்மா மில் வேனில் போனால் ஏழு மணிக்குத்தான் வருவாள். திருச்சுழிக்குத் தெற்கே, ஊரை விட்டுத் தள்ளி, கருவேலங்காட்டு ஓரத்தில் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்தால் பேச ஆளே கிடையாது. அதனால் பாடத்தைக் கத்திக் கத்திப் படிப்பேன். வீட்டில் ஒரு குரலாவது கேட்கட்டுமே!

ஒரு சனிக்கிழமை அப்பா பைக்கை விட்டு இறங்கியதும் என்னைப் பார்க்கவில்லை. குனிந்து முன் சக்கரத்தைத்தான் பார்த்தார்.

"அட போ! மறுபடியும் ஒழுகுது."

முன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பளபளவென்று கம்பிகள் இருக்கும். அதுதான் போர்க். வண்டி பள்ளத்தில் இறங்கினால், கம்பி கீழே உள்ள குழாய்க்குள் போய்விட்டு மேலே வரும். குழாய்க்குள் எண்ணெய் உண்டு. அது வெளியே வராதபடி ஒரு ரப்பர் வளையம் கம்பியைக் கவ்விக்கொண்டிருக்கும். அதற்கு ஆயில் சீல் என்று பெயர். எங்கள் வண்டிக்கு இரண்டு மாதத்தில் இரண்டு தடவை சீல் மாற்றியாகிவிட்டது.

மறுநாள் திருச்சுழிப் பட்டறைக்கு நானும் போனேன். இருக்கிற ஒன்றரை நாளில் பாதி நாளைப் பட்டறைக்குத் தூக்கிக் கொடுப்பேனா?

மெக்கானிக் பால்ச்சாமி மாமா முன் சக்கரத்தைக் கழற்றினார். கம்பியை உருவி வெளியே எடுத்தார். தலையைச் சொறிந்தார்.

"என்னண்ணே இது! ரெண்டு பக்கமும் ஒரே பள்ளத்துலதான எறங்குது? வலது பக்கம் கல்லு மாதிரி இருக்கு. இடது பக்கம் மட்டும் ஏன் அழுவுது?"

"நீதானய்யா மாட்டுன?" என்றார் அப்பா.

"என் கையில தப்பில்லண்ணே. வண்டிக்கு வயசாயிருச்சு. இந்த எண்ணெ பிரேக்குல எறங்குச்சுன்னா பிரேக்கு பிடிக்காது. இத நம்பித் தூத்துக்குடிக்கு ஓட்டாதீக."

 அப்பா என் தலையில் கை வைத்தார்.

"தாயி, இனி அப்பா மாசத்துக்கு ஒருதடவ பஸ்ஸுல வாரேன். சனிக்கிழம வேலை முடிஞ்சு வந்தா, நம்மூருக்குக் கடேசி பஸ்ஸு போயிருது. லீவு போட்டாத்தான் வர முடியும்."

மாதத்துக்கு ஒரு தடவையா!  இனி எத்தனை நாள் சுவரைப் பார்த்துப் பாடம் படிப்பது? அழுகையை அடக்க, கீழே கிடந்த கம்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இடது கம்பியில் மஞ்சளாக ஒரு தடம் தெரிந்தது.

 அது நான் வைத்த சந்தனம்!

எங்கள் வீட்டில் வண்டியின் வலது பக்கம் சுவரை ஒட்டி நிற்கும். அங்கே கை நுழையாது. இரண்டு மாதத்துக்கு முன்னால் ஆயுத பூஜைக்கு இடது கம்பியில் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். அதற்குப் பிறகும், அப்பா பத்திரமாகப் போய்ச் சேரவேண்டும் என்று, திங்கட்கிழமை தவறாமல் அதே இடத்தில் அப்பிவிடுவேன்.

சொன்னால் அப்பா திட்டுவார். சொல்லாவிட்டால் வரவே மாட்டார். திட்டு வாங்கினால் என்ன, குறைந்தா போய்விடுவேன்?

"மாமா, சந்தனம் காஞ்சு போனா சீலக் கிழிச்சிருமா?"

பால்ச்சாமி மாமா என்னைப் பார்த்தார். கம்பியை எடுத்து அந்தத் தடத்தை நகத்தால் சுரண்டினார். பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பழைய சீலைப் பிதுக்கிப் பார்த்தார். ரப்பர் உதட்டில் மஞ்சள் மஞ்சளாகத் தூள் ஒட்டியிருந்தது.

"அடி ஆத்தாடி! கடைச் சந்தனத்துல பாதி மரத்தூளு. காஞ்சா உப்புத்தாளு மாதிரி அறுக்கும். கம்பி ஏறி எறங்க, சீலு கிழியாம என்ன செய்யும்? யாரு புள்ள இதப் பூசுனது?"

"நாந்தான்" என்றேன். "வாரவாரம்."

 திட்டு வரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"நானுந்தான்யா காரணம்" என்றார் அப்பா மெதுவாக. "வண்டியக் கழுவும்போது அந்த எடத்த மட்டும் விட்டுருவேன். தூத்துக்குடி ரூம்ல வேற யாரு இருக்கா எனக்கு? காலையில வண்டி எடுக்கையில பாப்பேன். எம்புள்ள கை வச்ச எடமுல்ல, அழிக்க மனசு வரல."

நான் கண்ணைத் திறந்தேன். அங்கே அப்பாவும் என்னை மாதிரியே தனியாகத்தான் இருந்திருக்கிறார். எனக்கு இது தெரியவே தெரியாது.

"அப்பனும் மகளுமாச் சேந்து ரெண்டு சீலக் கொன்னுட்டு, என்னையப் பழி சொன்னீகளே!" என்று பால்ச்சாமி மாமா சிரித்தார். கம்பியைப் பளிச்சென்று துடைத்தார். புதுச் சீலை எண்ணெயில் முக்கித் தட்டி இறக்கினார். சக்கரத்தை மாட்டி முடித்ததும் அப்பா ஹேண்டிலைப் பிடித்துப் பத்துத் தடவை அழுத்திப் பார்த்தார். ஒரு சொட்டுக்கூட வரவில்லை.

"இனி தைரியமா ஓட்டுங்கண்ணே. கம்பியில மட்டும் கை வைக்காதீக" என்றார் மாமா.

திங்கட்கிழமை விடியற்காலை சந்தனக் கிண்ணத்தோடு வண்டி முன்னால் நின்றேன். எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்பா குனிந்தார்.

"இங்க வையி தாயி. நெத்தியில ஒழுகுறதுக்கு ஒண்ணுமில்ல."

பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை அப்பா வந்தார். அதற்கடுத்த சனிக்கிழமையும் வந்தார்.